சோதனைப் பறப்பில் விமானம் விழுந்தால் கணக்குக் கேட்கக் கூடாதா?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி வந்த பிறகு, நாற்று நடும்போது தலைக்கு மேலே கேட்கும் இரைச்சல் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் "சோதனை என்றால் நாலு விழத்தான் செய்யும்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2019 பிப்ரவரி 1 அன்று பெங்களூருவில், அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் மேம்படுத்தித் தந்த மிராஜ் 2000 போர் விமானத்தின் பயிற்சி வகை ஒன்று, விமானப்படை ஏற்குமுன் பறந்து பார்க்கும் ஏற்புச் சோதனையின்போது விழுந்ததில், ஸ்குவாட்ரன் லீடர் பதவியிலிருந்த இரண்டு விமானிகள் இறந்தார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் புது ரகத்தைச் சோதனைக்கு விதைத்து அது பதராகப் போனால் நாம் யாரையும் கேட்பதில்லை. நீல அட்டை கட்டிய சான்று விதை முளைக்காமல் போனால் கேட்காமல் விடுவோமா? பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருந்த மிராஜ் இதில் இரண்டாவது வகை.

பட்டுக்கோட்டை ஏர்மேன்:
தம்பி, நான் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன். மிராஜ் மேம்பாடு என்பது எண்ணெய் மாற்றி அனுப்புகிற சர்வீஸ் அல்ல. ரேடார், காக்பிட் திரைகள், கணினிகள் எல்லாம் மாறியிருக்கும். தரையில் கட்டிவைத்து எஞ்சினை முழு விசையில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் சக்கரம் தரையை விட்ட பிறகு வருகிற அதிர்வையும் காற்றின் விசையையும் கொட்டகைக்குள் கொண்டுவர முடியாது. அதற்குத்தான் சோதனை விமானி என்று ஒருவர் இருக்கிறார். 1970 ஜனவரி 10 அன்று எச்ஏஎல்லின் தலைமைச் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் மாருத் போர் விமானத்தில் உயிரிழந்தார். ஸ்வீடனின் கிரிபென் போர் விமானம் 1989 பிப்ரவரியில், தன் ஆறாவது பறப்பிலேயே, தரையிறங்கும்போது புரண்டது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் கூட்டத்தின் கண்முன்னே இன்னொன்று விழுந்தது. இரண்டிலும் ஒரே விமானி, இரண்டிலும் தப்பினார். அந்த விமானத்தை இன்று பல நாடுகள் வாங்கி ஓட்டுகின்றன. நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர் விமானமோ 2001இல் முதன்முதலாகப் பறந்தது முதல் 2024 மார்ச்சில் முதல் விபத்து நேரும்வரை ஒன்றுகூட விழவில்லை.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, என் வாதத்துக்கு வேண்டிய சான்றை நீங்களே தந்துவிட்டீர்கள். முற்றிலும் புதிய தேஜஸின் சோதனைக் காலம் ஒரு விபத்துகூட இல்லாமல் கடந்தது என்றால், "விழத்தான் செய்யும்" என்பது விதி அல்ல. கிரிபென் விழுந்ததற்குப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் கோளாறுதான் காரணம் என்று நாமெல்லாம் அறிந்திருப்பதும், அது வெளியே சொல்லப்பட்டதால்தான்.

குடந்தை விரிவுரையாளர்:
இதில் சாரஸ் விமானத்தையும் சேர்க்க வேண்டும். அது ஜெட் அல்ல, தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய சிறு பயணிகள் விமானம். ஓட்டியவர்களும் உடனிருந்த பொறியாளரும் விமானப்படையினர். 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே விழுந்து மூவரும் இறந்தார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரித்து, நிறுத்திய எஞ்சினை வானில் மீண்டும் இயக்க வடிவமைப்பாளர்கள் வகுத்த நடைமுறையே தவறு என்றும், அதைச் செய்துபார்த்த உயரம் போதவில்லை என்றும் அறிக்கையில் சொன்னது. வகுப்பில் நான் அதை வைத்துப் பாடம் நடத்த முடிகிறது. ஆனால் மிராஜ் விமானப்படையின் உள்விசாரணைக்குப் போனது. அந்த அறிக்கைகள் பொதுவாக வெளியிடப்படுவதில்லை என்பதால் மாணவர்களிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

பட்டுக்கோட்டை ஏர்மேன்:
ரேடார் ரகசியம் அது இது என்பதால் அறிக்கையை வெளியிடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அம்மா. என் காரணம் வேறு. ஒருநாள் வேலை முடித்துக் கருவிப் பெட்டியை எண்ணியபோது ஒரு ஸ்பேனர் குறைந்தது. எஞ்சினை மூடிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நானே அதிகாரியிடம் போய் நின்று திறக்கச் சொன்னேன். பறப்பு ரத்தானது. திட்டு வாங்கினேன், அது அங்கேயே முடிந்தது. நான் சொல்வது செய்தித்தாளில் வரும் என்ற நிலை இருந்திருந்தால் அன்று வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே பேசியது உள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஹேங்கரில் உண்மை வெளிவருகிறது.

வெண்ணாற்றங்கரை:
ஸ்பேனரை விட்டவர் யார் என்று நான் கேட்கவே இல்லை, ஐயா. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்கும் முறை அங்கே இருந்ததா, அன்று அது நடந்ததா என்பதுதான் என் கேள்வி. விரிவுரையாளர் அம்மா சொன்ன சாரஸ் அறிக்கையும் நடைமுறையைத்தானே குற்றம் சொன்னது?

பட்டுக்கோட்டை ஏர்மேன்:
முறை இருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது. காரணத்தையும் அதற்குப் பிறகு மாற்றிய நடைமுறையையும் மட்டும் ஒரு பக்கத்தில் வெளியிடுவது என்றால் எனக்கு மறுப்பில்லை. சாட்சி சொன்னவனின் பெயரையும் அவன் பேச்சையும் தொடக் கூடாது. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.