சுண்டெலி திடீரென்று குட்டி போட்டபோது

வளர்க்கிற சுண்டெலி எதிர்பாராமல் குட்டி போட்டுவிட்டால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கூண்டில் கூட இருக்கும் ஆண் எலியை அப்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடி சினை பிடித்துவிடும். சுண்டெலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள்தான். ஆண் கூடவே இருந்தால், இந்தக் குட்டிகள் பால்குடி மறப்பதற்குள் அடுத்த ஈற்று வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்காக இரண்டு வெள்ளைச் சுண்டெலி வாங்கினோம். இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று வயிறு பெருத்து வந்தபோது நன்றாகச் சாப்பிடுகிறது என்று சந்தோஷப்பட்டோம். ஒருநாள் காலையில் மகள் ஓடிவந்து, "அம்மா, கூட்டுக்குள்ள கீச்கீச்னு சத்தம் கேக்குது" என்றாள். டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கட்டிய கூட்டுக்குள் ரோஸ் நிறத்தில், முடியில்லாமல், கண் மூடி, பத்துக் குட்டிகளுக்கு மேல் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தெரிந்த கால்நடை மருத்துவருக்கு போன் செய்தேன். "இன்னொரு எலியோட வாலைத் தூக்கிப் பாருங்கம்மா" என்றார். வாங்கும்போது சின்னதாக இருந்ததால் தெரியவில்லை. இப்போது விதைகள் பளிச்சென்று தெரிந்தன. அன்றைக்கே அதைப் பிரித்தோம்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் "எதுவும் செய்யாதீர்கள்" என்பதுதான். கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் அதுதான் பெரும்பாடு. முதல் சில நாள் கூட்டைக் கலைக்கக் கூடாது. கூண்டை முழுதாகக் கழுவக் கூடாது. தாய் பயந்துபோனால் குட்டிகளைத் தின்றுவிடவும் கூடும். இறந்துபோன குட்டியையும் அது தின்னும். எங்கள் எலியும் ஒன்றைத் தின்றது. மகள் அழுதாள், எனக்கும் தாங்கவில்லை. செத்த குட்டி கூட்டில் கிடந்து அழுகாமலிருக்கத்தான் அப்படிச் செய்கிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் மனசு ஆறியது.

குட்டிகள் பால் குடிக்கின்றனவா என்று தொடாமலே தெரிந்துகொள்ளலாம். தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். அந்த வெள்ளை தெரிகிறவரை கவலை வேண்டாம். தாய்க்குச் சத்துதான் முக்கியம். வழக்கமான தானியத்தோடு அவித்த முட்டை ஒரு துணுக்கு தினமும் வைத்தோம். தண்ணீர் பாட்டில் ஒருவேளைகூடக் காலியாகாமல் பார்த்துக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் மெல்லிய முடி வந்துவிட்டது. இரண்டாவது வாரக் கடைசியில் கண் திறந்தன. இப்போது எல்லாமே தாயோடு சேர்ந்து முட்டை தின்கின்றன. வேறு யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, எங்களுக்கும் இதே கதைதான். எங்களிடம் ஆண் எலியே கிடையாது. கடையிலிருந்து வரும்போதே சினையாக வந்திருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது கூண்டைப் பற்றி. கண் திறந்த பிறகு சில நாளில் குட்டிகள் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ள ஆரம்பிக்கும். பறவைக் கூண்டில் வைத்திருந்தால் கம்பி இடுக்கு வழியாக வெளியே போய்விடும். எங்கள் குட்டிகள் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்துதான் கிடைத்தன. அப்புறம் பழைய மீன் தொட்டிக்கு மாற்றி, மேலே நெருக்கமான கம்பி வலை போட்டோம். ஒன்றும் தப்பவில்லை.

ஆண் குட்டிகளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

*

தம்பி, ஒன்பது பத்து நாள் குட்டியில் பார்த்திருந்தால் சுலபம். வயிற்றில் முடி அடர்வதற்கு முன் பெண் குட்டிகளுக்குக் காம்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இப்போது பார்ப்பதானால் இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் வைத்து வாலைத் தூக்குங்கள். மலத்துவாரத்துக்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடைவெளி ஆணுக்கு அதிகம், பெண்ணுக்கு ரொம்பக் குறைவு. நாலு வாரத்துக்குள் ஆண்களைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். ஐந்தாறு வாரத்திலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தாய், சகோதரி என்ற வித்தியாசமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும், அதனால் அவற்றுக்குத் தனித்தனி இடம் யோசித்து வையுங்கள்.

அதிகமாகிவிட்டது என்று யாரும் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். கூண்டில் பிறந்த வெள்ளை எலி காக்காயிடமும் பூனையிடமும் ஒரு நாள் தாக்குப்பிடிக்காது. எங்களிடம் பெண் குட்டிகள் நிறைய இருக்கின்றன, பால்குடி மறந்ததும் கொடுக்கலாம். மதுரைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், இரண்டு இரண்டாகத்தான் கொடுப்பேன். பெண் எலி தனியாக இருந்தால் ஏங்கிப்போகும்.