பத்தாம் வகுப்பு மகள், மூன்று வயதுக் கடைக்குட்டி: மூத்த பிள்ளையிடம் எவ்வளவு பொறுப்பைக் கொடுக்கலாம்?

லைன்வீட்டு அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம், பிழைப்பு திருப்பூரில். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். கணவர் சாயப்பட்டறைகளுக்குத் துணி ஏற்றிச் செல்லும் டெம்போ ஓட்டுகிறார். எந்த நேரத்தில் வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு, நடுவில் மகன் ஆறாம் வகுப்பு, கடைக்குட்டிக்கு மூன்று வயது.

சின்னவள் அங்கன்வாடிக்குப் போகிறாள். அது முடிந்ததும் எதிர்வீட்டு அக்கா சிறிது நேரம் வைத்துக்கொள்கிறார். பள்ளி விட்டதும் மூத்தவள் ஓடிவந்து தங்கையை வாங்கிக்கொள்வாள். ஆர்டர் நெருக்கும் நாட்களில் எனக்கு ஒன்றரை ஷிப்ட். வீடு வர ஒன்பது மணியாகிவிடும். அதுவரை சோறு ஊட்டுவது, தம்பியை வீட்டுப்பாடம் எழுதவைப்பது, சின்னவளைத் தூங்கவைப்பது எல்லாம் மூத்தவள்தான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இப்போது அவளுடைய வகுப்பாசிரியர் என்னை அழைத்துப் பேசினார். மாலைச் சிறப்பு வகுப்பில் அவள் உட்காருவதே இல்லையாம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 41. ஒன்றரை ஷிப்டை விட்டுவிடு என்கிறாள் என் தங்கை. "மூத்த பெண் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? நான் எத்தனை பேரை இடுப்பில் வைத்து வளர்த்தேன் தெரியுமா?" என்கிறார் மாமியார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
அம்மா, முதலில் மனதைத் தளரவிடாதீர்கள். நீங்கள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது யாருக்காக? அந்த மூன்று பேருக்காகத்தான். அதைப் பாவம் போலப் பேசுபவர்களின் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஆறு பேர் பிறந்தோம். பெரிய அண்ணன்தான் எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், முடி வெட்ட அழைத்துப் போனார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால் அவர் தேய்ந்து போகவில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு முடிவென்றால் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குத் தன் பாடமும் உறுதிப்படும். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் மகள் விருப்பத்தோடு செய்கிறாள். தம்பியும் தங்கையும் சுமை என்ற எண்ணத்தை நாமே அவள் மனதில் விதைக்கக் கூடாது. கணக்கில் 41 என்பது சரிசெய்யக்கூடியது. உடன்பிறந்தவர்கள் மீது மனம் கசந்துவிட்டால் அதைச் சரிசெய்வது கடினம்.

முதல் பிள்ளை:
"ஒரு நாளும் குறை சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் அக்கா. அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

நான் சாத்தூர்ப் பக்கம், நான்கு பேரில் மூத்தவள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார். நானும் குறை சொன்னதில்லை. களைத்து வரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மகளால் குறை சொல்ல முடியும்? பிள்ளையின் மௌனத்தை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நொய்யல்கரை ஐயா வேலையைப் பற்றிப் பேசுகிறார். பாத்திரம் துலக்குவது, தண்ணீர் வரும் நாளில் குடம் நிரப்புவது எல்லாம் வேலை. முடித்துவிட்டுக் கை கழுவலாம், புத்தகத்தைத் திறக்கலாம். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது முடிகிற வேலை அல்ல. கணக்குப் போடும்போதும் ஒரு காது குழந்தையின் பக்கமே இருக்கும். குழந்தை சத்தம் போட்டாலும் பயம், சத்தமே வராவிட்டாலும் பயம். என் தம்பி படியில் விழுந்து புருவம் கிழிந்த அன்று அடி வாங்கியது நான். அடி மறந்துவிட்டது. அவன் இருமினால்கூட நடு இரவில் விழித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குத் திருமணமாகும் வரை போகவில்லை. அந்தப் பயத்தைப் பதினைந்து வயதில் ஒருத்தியின் தலையில் வைப்பது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

ஐயாவின் அண்ணன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், நல்லது. அந்த வீட்டில் சோறு வடித்தது யார்? குழந்தைக்குக் கால் கழுவிவிட்டது யார்?

கடைக்குட்டித் தம்பி:
என்னை வளர்த்தது என் அக்கா. எனக்கு நினைவு தெரிந்த முதல் முகமே அவருடையதுதான். பள்ளியில் கையெழுத்து வாங்க வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவேன். என் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்கு முன்னால் அக்காவை நிறுத்தித்தான் படம் எடுத்தேன். என் மகளுக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைப்பது என்ற பேச்சே எழவில்லை. இவ்வளவு பெரிய உறவைச் "சுமை", "பயம்" என்று எழுதுவதைப் படிக்க எனக்கு வலிக்கிறது. அது அவருக்கும் எனக்கும் கிடைத்த செல்வம்.

முதல் பிள்ளை:
தம்பி, உங்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அக்கா எதுவரை படித்தார்? நீங்கள் எதுவரை படித்தீர்கள்?

கடைக்குட்டித் தம்பி:
அக்கா எட்டாம் வகுப்பு. நான் பி.இ. ஆனால் அதற்குக் காரணம் அன்றைய வறுமை, என்னை வளர்த்தது அல்ல.

முதல் பிள்ளை:
வறுமை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கும். நின்றது யாருடைய படிப்பு? எங்கள் வீட்டிலும் இதே கதைதான், இதே வரிசைதான். உங்கள் அக்கா அதை மனதாரக் கொடுத்திருக்கலாம். அவர் மறுத்திருக்க முடியுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டெம்போ ஸ்டாண்டு:
இவ்வளவு பேர் பேசியும் வீட்டில் இருக்கும் இரண்டு ஆண்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா இருக்கிறார், பதினொரு வயது மகன் இருக்கிறான். அவர்கள் என்ன விருந்தினர்களா?

2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதிலிருந்தே கணக்கில் எடுத்தார்கள். வீட்டு வேலையில் கை வைக்கும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். கை வைப்பவர்களிலும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்கிறாள், ஆண் 97 நிமிடம். ஆறாம் வகுப்பு மகனை அக்கா உட்காரவைத்து எழுதவைக்கும்போது அவனும் இந்தக் கணக்கைத்தான் கற்றுக்கொள்கிறான். அவனே தங்கையைக் கூட்டி வரட்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும்.

நானும் வண்டி ஓட்டுபவன். மாலையில் சாயப்பட்டறையில் வண்டி வரிசையில் நின்றால் நம் கையில் எதுவும் இல்லை என்பது தெரியும். ஆனால் காலை நேரம் நம்முடையது. போன வருடம்வரை மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைத்திருக்கும். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இந்த வருடம் காலையில் ஒரு வாய் கூடியிருக்கிறது. அந்த வேலை யார் தலையில் விழுந்தது? அம்மா தலையிலா, மகள் தலையிலா? அதை அப்பா எடுத்துக்கொண்டால் மகளுக்கு விடியற்காலைப் படிப்பாவது மிஞ்சும்.

நொய்யல்கரை:
டெம்போக்காரர் சொல்வதில் பையனைப் பற்றிய பகுதி சரி. எங்கள் அண்ணன் ஆண் பிள்ளைதான், அவர் தூக்கி வளர்க்கவில்லையா? வீட்டில் சோறு வடித்தது அம்மாவும் என் இரண்டாவது அக்காவும். அந்த அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து எனக்கு முன்பே வேலைக்குப் போனவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றில் மாறமாட்டேன். பிள்ளைகளை ஒருவருக்கொருவர் பொறுப்பில்லாதவர்களாக வளர்த்துவிட்டு, பிறகு நாற்பது வயதில் சொத்துக்குச் சண்டை போடுகிறார்களே என்று அழுவதில் பயனில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளைகள்தான் பின்னாளில் கைவிடாமல் நிற்பார்கள்.

கரும்பலகை:
பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். இரு பக்கமும் பெரிய வார்த்தைகளைப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மாலை நேரம்தான் கண்ணில் படுகிறது.

35 எடுத்தால் தேர்ச்சி. 41 எடுப்பவள் தேர்ச்சி பெற்றுவிடுவாள், அதனால் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை இந்த மதிப்பெண்தான் முடிவு செய்யும். கணக்கு கைவிட்டால் அறிவியல் பிரிவு கைவிட்டுப் போகும். அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று யாராவது கேட்டீர்களா? சிறப்பு வகுப்பில் நாங்கள் புதிதாக எதுவும் நடத்துவதில்லை. பழைய வினாத்தாளைக் கொடுத்து எழுதவைத்து, தவறிய இடத்தைப் பக்கத்தில் நின்று திருத்துகிறோம். வீட்டில் அம்மா, அப்பா யாரும் கணக்குச் சொல்லித்தர முடியாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்று கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஒன்றரை ஷிப்டின் கணக்கோடு அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கன்வாடிகள் 1975இல் தொடங்கிய திட்டத்தில் வந்தவை. சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட எத்தனையோ அக்காக்களுக்குப் பள்ளிக்கு வர அவை வழி திறந்தன. மாலை நேரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் அந்த இடத்தில் திரும்பவும் அக்காக்களே நிற்கிறார்கள். 30க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1976இல் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறுப் பயன் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. பதினைந்து வயதுப் பெண் நிரப்பும் இடம் அது.

லைன்வீட்டு அம்மா:
இத்தனை பேர் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டீச்சர், எங்களுடையது ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட். பெண்கள் இருபது பேர்தான். நீங்கள் சொல்லும் சட்டம் எங்கள் வாசல்வரை வராது. ஒன்றரை ஷிப்டை விட்டுவிடச் சொல்வதும் எளிது. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்து வாடகை, மளிகை, சீட்டு என்று பங்கு போடும்போதுதான் அந்த அரை ஷிப்ட் என்னவென்று தெரியும்.

நேற்று இரவு மகளிடம் பேசினேன். என்ன படிக்க ஆசை என்றும் கேட்டேன். நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். இத்தனை நாள் என்னிடம் சொன்னதில்லை. சிறப்பு வகுப்புக்குப் போகச் சொன்னேன். அதற்கு அவள், "சின்னவளை எதிர்வீட்டில் அவ்வளவு நேரம் விடாதே அம்மா, டிவி முன்னால் உட்காரவைத்துவிடுகிறார்கள். தம்பி கூட்டி வரட்டும். ஆனால் ராத்திரி நான்தான் தூங்கவைப்பேன், அவள் என்னிடம்தான் தூங்குவாள்" என்றாள். முதல் பிள்ளை சகோதரி எழுதியதும், கடைக்குட்டித் தம்பி எழுதியதும் ஒன்றாக மனதில் வந்து நின்றன.

கணவரிடமும் பேசிவிட்டேன். காலைச் சமையலில் பாதியை அவர் எடுத்துக்கொள்கிறார். லோடு இல்லாத மாலைகளில் சின்னவளும் அவர் பொறுப்பு. பொதுத் தேர்வு முடியும்வரை வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்கப் போகிறேன். மீதி நாட்களில் மகள் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் ஆறரை மணிவரை மகன்தான் தங்கையோடு இருக்க வேண்டும். அவனுக்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. பதினொரு வயதில் அவனை நம்பி விடலாமா?

டெம்போ ஸ்டாண்டு:
அடுப்புப் பக்கம் போக வேண்டிய தேவையே வரக் கூடாது. காலையிலேயே வடித்து வைத்துவிடுங்கள், பாலை பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். அடுப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பக்கத்தில் நின்று பழக்கட்டும். எதிர்வீட்டு அக்காவிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, பையன் மேல் ஒரு கண் வைத்திருக்க மட்டும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
மகள் வாயால் சொன்னதைப் பாருங்கள். தங்கையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடாதே என்கிறாள். நான் சொன்னது இதைத்தான்.

முதல் பிள்ளை:
இல்லை ஐயா. தம்பி கூட்டி வரட்டும் என்றும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். அவளாகக் கேட்டது ராத்திரி தூங்கவைக்கும் நேரம் மட்டும், பள்ளி விட்டதும் ஓடிவருவதை அவள் கேட்கவில்லை. அக்கா, தூங்கவைப்பதை அவளிடமே விடுங்கள். ஆனால் திருப்புதல் தேர்வு வாரத்தில் "இன்றைக்கு நீ பார்த்துக்கொள் அம்மா" என்று அவள் சொல்லும் நாள் வரும். எவ்வளவு களைப்பாக வந்திருந்தாலும் அன்றைக்கு முகம் சுளிக்காமல் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.