வளைவில் மட்டும் எரிந்து அணையும் பிரேக் விளக்கு: வண்டியை ஓட்டலாமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது ஒன்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் கார்; 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஞாயிறு வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கியபோது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஓரிரு நொடி எரிந்து, வண்டி நேரானதும் அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை முழுமையாக இறக்கியிருந்தேன். பிரேக் பிடிப்பதிலும் குறை தெரியவில்லை. சமவெளிக்கு வந்தபின் விளக்கு எரியவே இல்லை. சென்சார் கோளாறு என்று விட்டுவிடலாமா, அல்லது பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் போதுமா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். அந்த விளக்கு ஹேண்ட் பிரேக்குக்கு மட்டுமானதன்று. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் உள்ள மிதவை தாழ்ந்தாலும் அதுவே எரியும். ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகில் இருக்கும்போது, வளைவிலும் இறக்கத்திலும் அது ஒரு பக்கம் சாய்வதால் மிதவை சற்று இறங்கி விளக்கை எரியவைக்கும். நேரானதும் பழைய நிலைக்கு வந்துவிடும். நீங்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அளவு கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கிறது, பெடல் இறங்கவில்லை. ஆனால் ஆயில் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினேன் என்பது நினைவில் இல்லை.

பதில் 2:
ஐயா, நான் பிரேக் வேலை செய்கிறவன். ஊற்றுவதற்கு முன், முன்சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பட்டைகளான பேடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் போவதால், கசிவு இல்லாமலேயே டப்பாவில் அளவு குறையும். இப்போது நிரப்பிவிட்டுப் பிறகு புதிய பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்டையும் அரித்துவிடும். பேட் தடிமனாகவே இருந்தால் கசிவுதான் என்று கொண்டு இந்த இடங்களைப் பாருங்கள்: பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் உள்ள வீல் சிலிண்டர், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம், சக்கர ஹோஸ்கள். டிரம்மைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்த்து 'கசிவு இல்லை' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

நிறத்தைவிட வயதுதான் முக்கியம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போலாகிவிடும். ஆகையால் இரண்டாவது கியரில் இறங்குங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். மூடியில் எழுதியுள்ள தரத்தைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயில் சிறிது கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும்.

பதில் 1:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிவப்பு விளக்குடன் மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் விசையைச் சீராக்கும் ஈபிடி வேலை செய்யாமல் இருக்கலாம்.

கேட்டவர்:
மஞ்சள் விளக்கு எரியவில்லை. இன்று கழற்றிப் பார்த்ததில் முன் பேடுகளில் இரண்டு மில்லிமீட்டர்தான் மீதம் இருந்தது. பின் டிரம்கள் உலர்ந்தே இருந்தன. புதிய பேட் போட்டதும், ஒரு சொட்டும் ஊற்றாமலேயே அளவு மேல்கோட்டுக்கு அருகில் ஏறிவிட்டது. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி டாட் 4 நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.