20,000 ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு: 3050 6 ஜிபியா, ஆர்எக்ஸ் 6600-ஆ?

பாளை_60எஃப்பிஎஸ்
எல்லாருக்கும் வணக்கம். கையில சரியா 20,000 இருக்கு, அதுக்கு மேல வீட்ல கேட்க முடியாது. பிசி: ஐ5-10400எஃப், எச்410 போர்டு, 16 ஜிபி ராம், 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். இப்போ ஒரு பழைய ஜிடி 730 போட்டு ஸ்கிரீன்ல படம் வர வச்சிருக்கேன், அவ்வளவுதான். கடைக்காரர் என்விடியாவோட புது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 17,500-னு சொல்லுதாரு. ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600 புதுசு 20,500. வேலரன்ட், ஜிடிஏ 5 ஆடுவேன். புதுசா வர்ற கேமும் ஆடிப் பார்க்க ஆசை. எதை வாங்க?

சிவப்புச்சட்டை
6600. அந்த 500-ஐப் பேரம் பேசிக் குறை.

3050-ங்கிற பேரைப் பார்த்து ஏமாறாதே. 2022 ஜனவரியில வந்த 3050-க்கு 8 ஜிபி மெமரி, 128 பிட் மெமரிப் பாதை, 2560 கோர். 2024 பிப்ரவரியில அதே பேர்ல இறக்கினது 6 ஜிபி, 96 பிட், 2304 கோர். பேர் ஒண்ணு, சரக்கு வேற. 6600 வந்தது 2021-ல. ஆனாலும் இந்த 6 ஜிபி கார்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஓடும்.

பச்சைமிளகாய்
வந்துட்டார்யா ஏஎம்டி கட்சிக்காரர். எஃப்பிஎஸ், அதான் செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிறது, அது மட்டும்தான் கணக்கா? என்விடியாவுல டிஎல்எஸ்எஸ் இருக்கு, சின்னதா வரைஞ்ச படத்தை ஏஐ வச்சுப் பெருசாக்கித் தெளிவாக்குறது. அதோட புது மாடலை 20 சீரிஸ்ல இருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுக்கும் கொடுத்தாங்க. ஏஎம்டியில அதே வேலை பார்க்கிற எஃப்எஸ்ஆர் 4? 2025-ல வந்தப்போ அதிகாரபூர்வமா 9000 சீரிஸுக்கு மட்டும்தான். 6600 வச்சிருக்கிறவன் பழைய எஃப்எஸ்ஆர்ல புல்லும் கம்பியும் மினுமினுக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். 2025 அக்டோபர் கடைசியில ஏஎம்டி 5000, 6000 சீரிஸ் டிரைவரைப் பெரிய மேம்படுத்தல் இல்லாத பராமரிப்புக் கிளைக்குத் தள்ளினது மறந்து போச்சா?

சிவப்புச்சட்டை
தள்ளினதும் ஊரே திட்டுச்சு, புதுக் கேமுக்கு ஆதரவு தொடரும்னு அவங்களே விளக்கம் கொடுத்தாங்க. பாதியை மட்டும் சொல்லாதே.

தம்பி புதுக் கேம் ஆடணும்ங்கிறார். 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவைன்னு போட்டிருக்கிறதே ஆர்எக்ஸ் 6600 இல்லேன்னா 2060 சூப்பர். ரெண்டுமே 8 ஜிபி. உன் 6 ஜிபி கார்டு வாசல்லயே நின்னுடுது. டிஎல்எஸ்எஸ் மெமரியைப் பெருசாக்கித் தருமா?

பச்சைமிளகாய்
டெக்ஸ்சரைக் குறைச்சு வச்சா ஓடும். எல்லாரும் அல்ட்ராவுலதான் ஆடுறாங்களா?

பஜார்_பழசு
ஏன்பா இவ்வளவு செலவு? பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி 6,000-க்குக் கிடைக்குது. மிச்சக் காசுக்கு நல்ல கீபோர்டு வாங்கு.

சோல்டரிங்_அண்ணன்
580 வேண்டாம். 185 வாட் தின்னும், ஒளி பாயுறதை நிஜம் மாதிரி கணக்குப் போடுற ரே டிரேசிங் ஹார்ட்வேரே கிடையாது. மேலே சொன்ன கேம் அதுல திறக்காது. அதுவும் சந்தையில 580-னு சுத்துறதுல நிறைய 2048எஸ்பி, அதாவது 570-க்குப் புதுச் சட்டை மாட்டினது. ஜிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல பார்த்தா ஷேடர் எண்ணிக்கை 2304-க்குப் பதிலா 2048 காட்டும்.

பாளைத் தம்பி, இவ்வளவு பேர் பேசியும் ஒருத்தரும் கேட்காததை நான் கேட்கிறேன். பவர் சப்ளை என்ன?

பாளை_60எஃப்பிஎஸ்
கேபினெட் கூட வந்ததுண்ணே. 450 வாட்னு பெருசா போட்டிருக்கு.

சோல்டரிங்_அண்ணன்
அந்தப் பெரிய எழுத்தை விடு. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர் போட்டிருக்கு? 12-ஆல பெருக்கு. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடறது அந்த வரியில இருந்துதான். 6600-க்குத் தனியா ஒரு 8 பின் வயர் வேணும், அது இருக்கான்னும் பார்.

நான் பதினோரு வருஷமா சர்வீஸ் பண்றேன். என் டேபிளுக்கு வர்ற செத்துப்போன கார்டுல பாதிக்கு மேல, கூட வந்த பவர் சப்ளையைத் திறந்தா உள்ளே ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் வயர் ஜம்பர்தான் இருக்கும். ஊரில வோல்டேஜ் எப்படி ஆடும்னு உனக்கே தெரியும்.

ஆர்க்_ஆறுமுகம்
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். இன்டெல் ஆர்க் பி580 யாரும் சொல்லலையே? 12 ஜிபி, 192 பிட்.

சிவப்புச்சட்டை
நல்ல கார்டுதான், ஆனா இந்த பிசிக்கு இல்லை. பட்ஜெட்டைத் தாண்டும், 190 வாட் கேட்கும். ப்ராசஸர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே நேரத்துல எட்டுற ரீசைசபிள் பார் வசதி இல்லாம அது நொண்டும். எச்410 போர்டுல அதுக்கு பயாஸ் அப்டேட் வந்திருக்கான்னு முதல்ல தேடணும். பழைய ப்ராசஸரோட சேர்ந்தா எஃப்பிஎஸ் இறங்குதுன்னு வந்த முதல் மாசத்துலயே பலபேர் சோதிச்சுக் காட்டிட்டாங்க.

பாளை_60எஃப்பிஎஸ்
அண்ணே, பார்த்தேன். 12 வோல்ட் 16 ஆம்பியர்னு இருக்கு. 8 பின் வயரே இல்லை, 6 பின்னும் இல்லை. கடைக்காரர் மோலெக்ஸ்ங்கிற பழைய 4 பின் வயர்ல இருந்து மாத்துற கன்வெர்ட்டர் 150 ரூபாய்க்குத் தாரேங்காரு.

சோல்டரிங்_அண்ணன்
அந்தக் கன்வெர்ட்டரைக் கையால தொடாதே.

16 பெருக்கல் 12, 192 வாட். 6600 மட்டும் 132. ப்ராசஸர் பெட்டியில போட்டிருக்கிறது 65, டர்போவுல அதையும் தாண்டும். 197 ஆச்சு. ஃபேன், ஹார்ட் டிஸ்க், போர்டு இன்னும் கணக்குல வரலை.

பச்சைமிளகாய்
ஆங்! இதைத்தானே முதல்ல இருந்து சொல்றேன். 3050 6 ஜிபி 70 வாட். தனி வயரே வேண்டாம், ஸ்லாட்ல இருந்தே எடுத்துக்கும். 70-ம் 65-ம் 135. பெட்டியைப் பிரி, மாட்டு, ஆடு.

சிவப்புச்சட்டை
முதல்ல இருந்து நீ டிஎல்எஸ்எஸ் பத்தித்தான் சொன்னே. பவர் சப்ளை அண்ணன் கண்டுபிடிச்சது.

சோல்டரிங்_அண்ணன்
மிளகாய் சொல்றது இந்த இடத்துல நியாயம், ஒத்துக்கிறேன். புதுசுதான் வேணும், பவர் சப்ளையை மாத்தவே மாட்டேன்னா 3050 6 ஜிபிதான் வழி. ஆனா அந்த ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற 16 ஆம்பியரே நிஜமா வருமாங்கிறது எனக்குச் சந்தேகம். 17,500 ரூபாய் கார்டை அதுல மாட்டிட்டு நான் நிம்மதியா தூங்க மாட்டேன்.

நான்னா 3,500-க்குள்ள நல்ல பிராண்டுல மின்சாரத்தை வீணாக்காததுக்கான ப்ரான்ஸ் சர்டிஃபிகேட் உள்ள 450 வாட் வாங்குவேன். மிச்சத்துக்குப் பழைய 6600 தேடுவேன். உன் போர்டுல கார்டு மாட்டுற ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0, அந்தக் கார்டு டேட்டா கடத்துறது 8 லேன்லதான். கொஞ்சம் இழப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 4 லேன் வச்ச 6500 எக்ஸ்டி மாதிரி படுத்துடாது.

பச்சைமிளகாய்
பழைய 6600-ஆ? கிரிப்டோ காயின் மைனிங்ல வறுத்தெடுத்தது வரும்.

சோல்டரிங்_அண்ணன்
வரலாம். எத்தீரியம் காயின் 2022 செப்டம்பர் 15-ல மைனிங்கை நிறுத்தினதுல இருந்து அந்தக் கார்டுங்க சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா மைனிங் பண்ணவன் கரண்ட் பில்லுக்குப் பயந்து வோல்டேஜைக் குறைச்சுத்தான் ஓட்டியிருப்பான். தேய்றது ஃபேனும் சூட்டைக் கடத்துற தெர்மல் பேடும். ஃபேன் சில நூறு ரூபாய், பேடு ஒரு மணி நேர வேலை. எனக்குப் பயம், யாரோ சூடு காட்டி சிப்பை மறுபடி ஒட்டின கார்டுதான். பின்பக்கம் போர்டு பழுப்பேறி இருந்தா திருப்பிக் கொடுத்துடு. நேர்ல போய் அரை மணி நேரம் ஒரு கனமான கேம் ஓட்டிப் பார்க்காம பணம் கொடுக்காதே. கூரியர்ல அனுப்புறேன்னு சொன்னா விட்டுடு.

பாளை_60எஃப்பிஎஸ்
இன்னிக்கு பவர் சப்ளை மட்டும் வாங்கிட்டேன், 3,400 ஆச்சு. பழசைக் கழட்டிக் கையில தூக்கினா காலி டிபன்பாக்ஸ் மாதிரி இருக்கு. புதுசு கனமா இருக்கு.

தூத்துக்குடியில ஒருத்தர் 6600 13,000-க்குத் தாரேங்காரு. பெட்டி இல்லையாம், பில் மட்டும் இருக்காம். போலாமா?

பச்சைமிளகாய்
வாரண்டியோட புதுசு 17,500. வாரண்டி இல்லாத பழசும் பவர் சப்ளையும் சேர்த்து 16,400. 1,100 ரூபாய் மிச்சம் பிடிக்க இவ்வளவு அலைச்சலா? என் ஓட்டு மாறாது.

சோல்டரிங்_அண்ணன்
பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் கார்டுல ஒட்டியிருக்கிறதும் ஒண்ணான்னு போட்டோ அனுப்பச் சொல்லு. ஒண்ணா இருந்தா ஞாயித்துக்கிழமை பஸ் ஏறு. உன் பவர் சப்ளையையும் பையில எடுத்துட்டுப் போ, அவர் வீட்ல என்ன மாட்டியிருக்காரோ யாருக்குத் தெரியும்.