ஒசெல்லஸ்: ‘சிறுகண்’ வேண்டாமே, ‘கண்பொட்டு’ போதும்

நண்பர்களே,

பட்டாம்பூச்சி இறக்கையில் கண் போலத் தெரியும் வட்ட அடையாளத்துக்கு ‘ஒசெல்லஸ்’ என்று பேர். மலைப் பட்டாம்பூச்சிக் கையேட்டுக்காக அதற்குத் தமிழில் ‘சிறுகண்’ என்று நேற்று எழுதியிருந்தார்கள்; ‘வளையம்’, ‘கண்புள்ளி’, ‘பீலிக்கண்’ என்ற யோசனைகளும் வந்தன. இலத்தீன் மூலப்படி ‘சிறுகண்’ சரிதான். ஆனால் பூச்சிகளின் தலை உச்சியில் இருக்கும் ஒற்றை வில்லைக் கண்ணுக்கும் ஒசெல்லஸ் என்றுதான் பேர். தலையிலும் சிறுகண், இறக்கையிலும் சிறுகண் என்றால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

என் ஓட்டு ‘கண்பொட்டு’க்கு. அடையாற்றில் எங்கள் காம்பவுண்டு ஓரப் புல்லில் வெள்ளை நால்வளையம் என்ற பட்டாம்பூச்சி தாழப் பறக்கும். போன வாரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தது. பின்னிறக்கை ஓரத்தில், பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், அரைவட்டமாக ஒரு கடி. ஓணானோ குருவியோ பொட்டைப் பார்த்துக் கவ்வியிருக்க வேண்டும், உடம்பு தப்பிவிட்டது. குழந்தை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டுக்கும் இதே வேலைதானே!

முழுப் பொட்டையும் ‘வளையம்’ என்று சொல்லலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நால்வளையங்கள் சேர்ந்த யிப்திமா பேரினத்தில் முன்னிறக்கை நுனிப் பொட்டைப் பாருங்கள். வெளியே மஞ்சள் வளையம், உள்ளே கருப்பு, அதற்குள் வெள்ளியாக மின்னும் இரண்டு துளிகள். இந்தத் துளிக்கு ‘மணி’ என்று வைக்கலாம். கண்மணி நாம் தினமும் சொல்கிற சொல்தான். அப்போது இது ‘இருமணிப் பொட்டு’. நீலகிரி நால்வளையம், பழனி நால்வளையம் மாதிரி ஒன்றுபோல் இருக்கும் மலை இனங்களில் பின்னிறக்கை அடிப்பக்கத்தில் எத்தனை பொட்டு, எது பெரிது, எது விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணுவது மணியையா வளையத்தையா என்று முதலிலேயே சொல்லாவிட்டால் நாலு ஐந்தாகிவிடும். வளையத்தைத்தான் எண்ணுகிறோம் என்று முன்னுரையில் போட்டுவிடலாம்.

அப்புறம் ‘கண்புள்ளி’. அதுவும் நல்ல சொல்தான், ஆனால் மழை இல்லாத மாதங்களில் காலை வாரிவிடும். வறண்ட பருவத்தில் பிறக்கும் பூச்சிகளுக்குப் பொட்டுகள் சுருங்கி வெறும் புள்ளியாகிவிடுகின்றன, சிலவற்றில் தெரிவதே இல்லை. பிப்ரவரியில் கொடைக்கானலில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாலை உட்கார்ந்தும் என்னால் இனம் சொல்ல முடியவில்லை. ‘புள்ளியாகச் சுருங்கிய கண்பொட்டு’ என்று எழுதலாம்; ‘புள்ளியாகச் சுருங்கிய கண்புள்ளி’ என்று எப்படி எழுதுவது?

‘பீலிக்கண்’ அழகான சொல். அதை மயிலுக்கே விட்டுவிடலாம்.

நாளை காலை அட்டவணையில் மாற்றிவிடுகிறேன். ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.