கர்லிங்குக்கு என்ன சொல்? (வினாடி வினாவுக்கு அவசரம்)

குழுமத்தாருக்கு வணக்கம். ஸ்கார்பரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் குளிர்கால வினாடி வினாத் தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். கர்லிங் என்பது பனிக்கட்டித் தளத்தில் கனமான கல்லை இலக்கு நோக்கி வழுக்கவிடும் ஆட்டம். ஒரு கேள்வி: "2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கர்லிங் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்ற நார்வேத் தம்பதி யார்?" விடை கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மாக்னுஸ் நெட்ரெகொட்டன். 'கலப்பு', 'தம்பதி' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பெரிய பிள்ளைகள் கலப்புத் திருமணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கர்லிங்குக்குச் சொல்லே இல்லை. 'பனிக்கல் உருட்டல்' சரிவருமா?
(ஸ்கார்பரோ)

அம்மா, உருட்டல் வேண்டாம். ஏறக்குறைய 20 கிலோ கருங்கல் அது. உருளாது, வழுக்கிப் போகும். வழுக்கு நிலத்துக்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார்: 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்' (குறள் 415). இழுக்கல் + கல் = இழுக்கற்கல். வழுக்கு, இழுக்கு, வெண்ணெயைக் குறிக்கும் இழுது எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. இழுகு, இழைவு, இழை என்று இன்னும் போகலாம். நூல் இழைவதும் ஒரு நழுவல்தானே?
(கோவை)

ஐயா, நூல்வரைக்கும் போக வேண்டாம். இழுக்கு என்றால் இன்றைக்கு அவமானம். பிள்ளைகளோ 'இழுக்கிற கல்' என்பார்கள். கைப்பிடியை லேசாகத் திருகி விடுவதால் கல் போகப் போக வளைகிறது. துடைப்பத்தால் முன்னே தேய்ப்பவர்கள் அந்த வளைவைக் குறைத்துக் கல்லை இன்னும் தூரம் ஓடவைக்கிறார்கள். ஆகவே 'வளைகல்'. வினைத்தொகை, வல்லினம் மிகாது; 'வளைக்கல்' என்று அச்சடித்துவிட வேண்டாம்.
(யாழ்ப்பாணம்)

வளைகல் என்றால் கல்லே வளைந்திருப்பதாகத் தோன்றாதா?
(கோவை)

ஊறுகாயைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லையே!
(யாழ்ப்பாணம்)

'பனிக்கல்'லில் பனியும் பிழை. எங்கள் ஊட்டியில் மார்கழி, தையில் புல்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. அது வானிலிருந்து விழுவதில்லை. கனடாவில் பெய்வது வெண்பனி. கர்லிங் நடப்பது நீர்த்துளி தெளித்துப் பொடிப்பொடி மேடாக்கிய பனிக்கட்டித் தளத்தில். வெண்பனியில் அந்தக் கல் நகரவே நகராது. மூன்றையும் 'பனி' என்று எழுதிவிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் புரியவில்லை என்று குறைப்படுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம், சங்கத் தமிழில் ஆலங்கட்டிக்கு 'ஆலி' என்றொரு அழகான சொல் உண்டு. அதைப் பனிக்கட்டிக்கும் நீட்டினால் 'ஆலித்தளம்' கிடைக்கும்.
(உதகை)

ஆலித்தளத்தை வேறு இழையில் பேசலாம். 'கலப்பு'க்குப் பதில் 'இணையர்' போடலாமா?
(ஸ்கார்பரோ)

கூடாது. 'இணையர்' என்றால் கணவன் மனைவி என்றாகிவிடும். 2018இல் அமெரிக்காவுக்காக ஆடிய பெக்கா, மாட் ஹாமில்டன் இருவரும் தங்கை அண்ணன். 'ஆண்–பெண் இரட்டையர்' போதும்.
(யாழ்ப்பாணம்)

சரி. வளைகல் ஆட்டம், ஆண்–பெண் இரட்டையர், வெண்பனி, பனிக்கட்டி. முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே கர்லிங் என்றும் இருக்கும். நால்வரில் மூவர் ஒப்பியதால் இப்படியே அனுப்புகிறேன்.
(ஸ்கார்பரோ)

நான் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். வளைவது பாதை, வழுக்குவதுதான் கல். குறளில் இருக்கும் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல், தெரியாது என்பதையே காரணமாக்கித் தள்ளுவது நியாயமில்லை. சறுக்கு விளையாட்டுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக 'இழுக்கலாட்டம்' பற்றி ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்.
(கோவை)