மெக்னீசியம் உப்பு சாப்பிட்டவர்கள், பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

வெண்கொக்கு:
அம்மாவுக்குப் பொட்டாசியம் குறைந்து அட்மிட் செய்திருந்தோம். டிரிப்பில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், அளவு ஏறவே இல்லை. இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் டாக்டர் மாத்திரைப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டினார். ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, "இதை எத்தனை வருஷமா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். அவர் முகம் மாறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உடனே மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். தரைமட்டத்தில் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் பொட்டாசியமும் ஏறியது. இந்தக் கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் ஒருமுறையாவது இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு:
எனக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மெக்னீசியம் சிட்ரேட் பொடி சாப்பிட்டேன். கால் பிடிப்பு அப்படியே இருக்கிறது, மலச்சிக்கல் போய்விட்டது.

உப்புக்கல்:
நள்ளிரவு, அளவைப் பார்க்காமல் பலனில்லை என்று சொல்லாதீர்கள். 500 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடில் மெக்னீசியம் மட்டும் 300 மி.கி. இருக்கும், அதே எடை சிட்ரேட்டில் சுமார் 80தான். ஆக்சைடு குடலில் சரியாகச் சேராது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு, உணவில் வருவது போக, மாத்திரையாக நாளுக்கு 350 மி.கி. வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையோடு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் மெக்னீசியம் உறிஞ்சவிடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, உடம்பில் தேங்கிவிடும். தேங்கினால் என்ன ஆகும் என்பதைப் பிரசவ வார்டில் தெரிந்துகொண்டேன். தங்கைக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளவில்லை என்றால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம். அடுத்து மூச்சு தடுமாறும். ஒவ்வொரு தட்டுக்கும் நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நள்ளிரவு:
உப்புக்கல், அளவு பார்த்துத்தான் சாப்பிட்டேன். வயதானவர்களின் தசைப்பிடிப்புக்கு இதனால் சொல்லும்படியான பலன் கிடைப்பது சந்தேகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. கர்ப்பிணிகளின் தசைப்பிடிப்பு விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. தங்கைக்குக் கொடுத்தது ஊசி மருந்து, அதை வைத்து என் பொடியை எடைபோட வேண்டாம். மலச்சிக்கலுக்காகத் தொடர்கிறேன், டாக்டரிடம் சொல்லியாயிற்று.